நம்பர் ஒட்டறதுல இத்தனை சங்கதியா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ட்ராக் டேன்னா என்ன, சொந்தக் காரையே கொண்டு போயி கோயமுத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல இருக்கற கரி ரேஸ் ட்ராக்குல ஓட்டலாமான்னு கேட்டிருந்த ஒருத்தருக்குப் பதில் எழுதியிருந்தோம்ங்க (ட்ராக் டேன்னா ரேஸ் ட்ராக்குல நம்ம வண்டிய நம்மளே ஓட்டிப் பாக்கறதுக்கு ஏற்பாடு பண்ற நாளு). அதுல கடைசில "கதவுல நம்பர் ஒட்டிட்டு வரச் சொல்லுவாங்க"ன்னு ஒரு வரி வந்துது, ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் இல்லீங்க, ஆர்கனைசர் வண்டிக்கு வண்டி குடுக்கற நம்பர், அவ்வளவுதான், அந்த ஒத்த வரியப் புடிச்சுட்டு இந்த மாசம் பூராம் கடுதாசி, மெயிலு, வாட்ஸப்பு. பேரு போட வேண்டாம்னு பாதிப்பேரு கேட்டுட்டாங்க, வீட்டுக்குத் தெரியாமப் போறாங்களாட்டம் இருக்குது. அதனால எல்லாத்துக்கும் வண்டி பேரையும் ஊரையும் மட்டும் போட்டிருக்கறோம்.

வெள்ளை ஸ்விஃப்ட், கோபி: வணக்கம்ங்ணா. அடுத்த மாசம் முதல் தடவையா ட்ராக் டேக்குப் பேரு குடுத்திருக்கறேன். லேப் டைம், அதாவது ஒரு சுத்துக்கு ஆகற நேரம், எடுக்கறதுக்கு வண்டில ட்ரான்ஸ்பாண்டர் மாட்டி விடுவாங்கன்னு சொன்னாங்க, அப்பறம் எதுக்குங்ணா நம்பர் வேற? கார் எங்கப்பாவோடது, பெயிண்ட்ல ஒரு கீறல் விழுந்தாலும் என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டாரு. எந்த மாதிரி நம்பர் ஒட்டினா நல்லதுங்ணா?

பதில்: தம்பி, ட்ரான்ஸ்பாண்டர்ங்கறது ஃபினிஷ் லைன்ல தார் ரோட்டுக்கு அடியில பொதைச்சு வெச்சிருக்கற ஒயர வண்டி தாண்டும்போது சிக்னல் குடுக்கும், டைமிங் ரூம்ல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கறவருக்கு நீ யாருன்னு தெரிஞ்சுரும், சரி. ஆனா வளைவுல வெயில்ல கொடியக் கையில புடிச்சுட்டு ஒரு மார்ஷல் நிக்கறாரு பாரு, அவருகிட்ட கம்ப்யூட்டர் எங்க இருக்குது, ரெண்டு கண்ணும் ஒரு வாக்கி டாக்கியும்தான். உன் வண்டில ஆயில் ஒழுகுதுன்னு வெச்சுக்க, உள்ள உக்காந்திருக்கற உனக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். அவரு "வெள்ளை ஸ்விஃப்ட்ல ஆயில் ஒழுகுது"ன்னு சொன்னா கன்ட்ரோல்ல "எந்த வெள்ளை ஸ்விஃப்ட்டுங்க?"ன்னுதான் கேப்பாங்க, நம்மூரு ட்ராக் டேல அது எத்தனை நிக்கும்னு உனக்கே தெரியும். "27ல ஆயில் ஒழுகுது"ன்னு சொன்னாத்தான் கறுப்புக் கொடில நடுவுல ஆரஞ்சு வட்டம் போட்டதை எடுத்து, பக்கத்துல 27னு போர்டும் புடிச்சு உன்னைய உள்ள கூப்புட முடியும். தப்பா ஓட்டினதுக்குக் காட்டற வெறும் கறுப்புக் கொடியும் அப்படித்தான், நம்பரோட சேத்துத்தான் காட்டுவாங்க. உன் நம்பரு சரியாத் தெரியலைன்னா ஒண்ணு உன்னையக் கூப்புட முடியாது, இல்லாட்டி செவனேன்னு ஓட்டிட்டு இருக்கறவன் எவனையாச்சும் கூப்புட்டு உள்ள நிறுத்திருவாங்க. அதனால நம்பர் உனக்கும் இல்ல, உன் இன்ஸ்டாகிராமுக்கும் இல்ல, அந்த மார்ஷலுக்குத்தான். எந்த சைஸு, எந்தக் கலரு, எங்க ஒட்டறதுன்னு எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரு எடத்துல நின்னு பாத்தாப் போதும், பதில் தானா வந்துரும்.

நூறு கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர் போயிரும். நேரா பக்கவாட்டுல இருந்தும் பாக்க முடியாது, சாஞ்ச வாக்குலதான் தெரியும், அப்படிப் பாக்கையில எழுத்து அகலத்துல ஒடுங்கிரும், ஒல்லியான எழுத்தா இருந்தா ரெண்டு எண்ணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். இதையெல்லாம் யோசிச்சுத்தான் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. அளவு போட்டிருக்குது: வெள்ளைக் கட்டத்துல கறுப்பு எண்ணு, கட்டம் 45 செ.மீ. அகலம் 33 செ.மீ. ஒசரத்துக்குக் கொறையக் கூடாது, எண்ணு 28 செ.மீ. ஒசரம், கோடு 5 செ.மீ. கனம். ஒத்த சீட்டு ஃபார்முலா வண்டிக்கு மட்டும் எண்ணு 23 செ.மீ. ஒசரம், கோடு 4 செ.மீ. கனம். உன்ற மாதிரி வெளுத்த கலர் வண்டின்னா அந்த வெள்ளைக் கட்டத்தைச் சுத்தி 5 செ.மீ.ல கறுப்புக் கோடு வரோணும், இல்லாட்டி கட்டம் எங்க முடியுது வண்டி எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. சாதா ட்ராக் டேக்கு இத்தனை கெடுபிடி இருக்காது, ஆர்கனைசர் சொல்ற அளவுதான் கணக்கு, சில எடத்துல அவங்களே ஸ்டிக்கரும் குடுத்துருவாங்க. ஒண்ணுமே சொல்லலைன்னா இந்த அளவையே வெச்சுக்க, ஒருத்தரும் கொறை சொல்ல முடியாது. சாய்வெழுத்து, நிழல் விழுந்த எழுத்து, நெருப்பு எரியற மாதிரி எழுத்து இதெல்லாம் வேண்டாம். டவுன் பஸ் போர்டு தூரத்துல இருந்தே எப்படித் தெரியுதோ அப்படித் தெரியோணும், அவ்வளவுதான்.

எடம் வந்து முன்னாடி ரெண்டு கதவும், முடிஞ்சா பானெட்டும். கண்ணாடில ஒட்டறேன்னு போயிராத, நெறைய நிகழ்ச்சில டிரைவர் பக்கத்துக் கண்ணாடிய எறக்கிட்டுத்தான் ஓட்டச் சொல்லுவாங்க, கண்ணாடி கதவுக்குள்ள போனா நம்பரும் கூடவே உள்ள போயிரும்.

இப்ப அப்பா சங்கதிக்கு வருவோம். உனக்கு ஏத்தது கழட்டற மாதிரி பசை இருக்கற வினைல் ஸ்டிக்கர். கோயமுத்தூருல ரேடியம் ஸ்டிக்கர் வெட்டற கடைக்குப் பஞ்சமே இல்ல, கோபிலயும் இருக்கும், போயி "ரிமூவபிள் வினைல்"னு அழுத்திச் சொல்லோணும், சும்மா நம்பர் வெட்டிக் குடுங்கன்னு கேட்டா வருசக்கணக்குல நிக்கற பசை போட்டதைத்தான் வெட்டிக் குடுப்பாங்க, அவங்க பாக்கற சோலி அது. மூலையெல்லாம் கூரா விடாம வளைச்சு வெட்டச் சொல்லு, கூரு மூலைலதான் காத்து பூந்து கெளப்பும். ஒட்டறதுக்கு முன்னால கதவை நல்லாக் கழுவித் தொடைச்சு, மெழுகு பாலிஷ் இருந்தா அந்த எடத்துல மட்டும் எடுத்துரு. வெயில்ல நிக்கற சூடான கதவுல ஒட்டவே ஒட்டாத, நெழல்ல நிறுத்து. ஒரு ஸ்ப்ரே பாட்டில் தண்ணில ரெண்டு சொட்டு ஷாம்பு விட்டு அடிச்சுட்டு மேல வெச்சா ஸ்டிக்கர் நகரும், கோணலா வந்தாலும் சரி பண்ணிக்கலாம், அப்பறம் நடுவுல இருந்து வெளிய பாத்து ஒரு பழைய ஏ.டி.எம். கார்டுல துணி சுத்தித் தள்ளுனா தண்ணி வெளிய வந்துரும். கதவு இடுக்கைத் தாண்டியும், ஓரத்துல ஓடற ரப்பர் பட்டைக்கு மேலயும் ஏத்தாத. முந்தின நாளே ஒட்டிரு, பசை புடிக்க நேரம் வேணும். முடிஞ்சதும் அந்த வாரத்துலயே எடுத்துரு, நம்ம பங்குனி வெயில்ல மாசக்கணக்குல விட்டா ரிமூவபிளும் ரிமூவ் ஆகாது.

சிவப்பு போலோ, பொள்ளாச்சி: அண்ணா, ஸ்டிக்கரெல்லாம் எதுக்கு, காந்த ஷீட்டுல நம்பர் வெட்டி வெச்சா ஒட்டி ஒட்டி எடுத்துக்கலாமே? ஃப்ரெண்டு ஒருத்தன் அப்படித்தான் வெச்சிருக்கறான், ஆனா என்ற வண்டில ஒரு கதவுல நிக்குது, இன்னொரு கதவுல நிக்க மாட்டேங்குது. ஏனுங்ணா?

பதில்: நிக்காத கதவு எப்பவோ அடி வாங்கியிருக்குதுங்க. டிங்கரிங் பண்ணி உள்ள பட்டி கனமாப் பூசி பெயிண்ட் அடிச்சிருந்தா காந்தத்துக்கும் தகரத்துக்கும் நடுவுல எடைவெளி விழுந்துரும், இழுவை போயிரும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின வண்டின்னா, வித்தவரு "ஒரு கீறல் கூட இல்லீங்க"ன்னு சொல்லியிருந்தாருன்னா, இப்பத் தெரிஞ்சிருக்கும் சமாச்சாரம். பழைய வண்டி பாக்கப் போறவங்க சின்னக் காந்தத்தை மெல்லிசுத் துணில சுத்தி எடுத்துட்டுப் போறது இதுக்குத்தான்.

காந்தம் இரும்புத் தகரத்துல மட்டும்தான் நிக்கும். பிளாஸ்டிக் பம்பர், ஃபைபர் பானெட், சில விலை கூடின வண்டில வர்ற அலுமினியம் பானெட் இதுலயெல்லாம் வெச்சா கையில வந்துரும். நின்னாலும் கதவு தட்டையா இருக்கற எடமாப் பாத்து வெக்கோணும், நடுவுல மடிப்பு ஓடுச்சுன்னா அதுக்கு அடியில காத்து பூந்துரும். வண்டிக்கு ஒட்டறதுன்னே 0.8 மி.மீ. கனத்துல ஷீட்டு வருது, கேலண்டர் காந்தம் மாதிரி மெல்லிசா இருக்கறதை வாங்காதீங்க. எப்படி இருந்தாலும் முன்பக்க ஓரத்தை ஒரு துண்டு டேப் போட்டு ஒட்டிருங்க, காத்து மோதறது அங்கதான், ஓரம் லேசா கெளம்புச்சுன்னா அடுத்த நிமிசம் ஷீட்டு பறந்து பின்னால வர்றவரு கண்ணாடிலதான் போயி விழும். சில ஆர்கனைசர் காந்தமே கூடாதுன்னு சொல்றாங்கன்னா காரணம் அதுதான், அதுல அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

பெயிண்டுக்குக் காந்தம் கெடுதல் இல்லைன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. காந்தம் கெடுதல் இல்ல, அதுக்கு அடியில மாட்டற மண்ணுதான் கெடுதல். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள்ள போயிட்டு வந்த வண்டில தொடைக்காம ஷீட்டை வெச்சீங்கன்னா ஒவ்வொரு லேப்லயும் அது நடுங்க நடுங்க உப்புக்காகிதம் தேச்ச கணக்கா வட்ட வட்டமாக் கீறிரும். ரெண்டு பக்கமும் தொடைச்சுட்டு வைங்க, எடுக்கையில இழுத்து வழிக்காம தூக்கி எடுங்க. புதுசா பெயிண்ட் அடிச்ச கதவுன்னா ரெண்டு மூணு மாசம் போகட்டும். வீட்ல மடிச்சு வெக்காதீங்க, மடிப்பு விழுந்த எடம் அப்பறம் ஒட்டாது.

கறுப்பு ஐ20, திருப்பூர்: நம்ம பனியன் கம்பெனில டி-ஷர்ட்டுக்கு நம்பர் வெட்டற ப்ளாட்டர் இருக்குதுங்க, ரோல் ரோலா வினைலும் கெடக்குது. அதையே வெட்டி கார்ல ஒட்டிக்கலாமா, காசு மிச்சமாகுமே?

பதில்: ப்ளாட்டரை வெச்சுக்குங்க, ரோலை விட்டுருங்க. உங்ககிட்ட இருக்கறது ஹீட் ட்ரான்ஸ்ஃபர் வினைல், அந்தப் பசை 150 டிகிரி பக்கத்துல பிரஸ் போட்டாத்தான் உருகித் துணில எறங்கும், சாதாவா வெச்சா ஒட்டாது. அயர்ன் பாக்ஸைக் கொண்டு போயி கதவு மேல வெச்சுப் பாக்கலாம்னு யாராச்சும் ஐடியா குடுத்தா அவங்க வண்டில வெக்கச் சொல்லுங்க. ஸ்டிக்கர் வினைல் ஒரு மீட்டர் வாங்கி அதே மெஷின்ல போட்டா வெட்டும், பிளேடு அழுத்தத்தை மட்டும் மாத்திக்கோணும். அப்பறம் டி-ஷர்ட்டுக்குக் கண்ணாடில பாக்கற மாதிரி திருப்பிப் போட்டு வெட்டுவீங்க, இதுக்கு நேரா வெட்டோணும், மறந்துராதீங்க. கறுப்பு வண்டிங்கறதால வெள்ளைக் கட்டம் பளிச்சுன்னு நிக்கும், சுத்திக் கோடெல்லாம் வேண்டாம்.

கிரே பலேனோ, ஈரோடு: அமெரிக்கா வீடியோல எல்லாம் டேப்புலயே நம்பர் போட்டு ஓட்டறாங்க. நானும் மாஸ்கிங் டேப்புல போட்டுக்கட்டுமா?

பதில்: போடலாம்ங்க, ஆனா நீங்க பாத்தது அனேகமா ஆட்டோகிராஸா இருக்கும், அங்க காலி மைதானத்துல கோன் வெச்சு ஒவ்வொரு வண்டியா விடுவாங்க, வேகமும் கம்மி, எது எந்த வண்டின்னு கொழப்பம் வராது. அங்க இந்தப் போட்டிய நடத்தற எஸ்.சி.சி.ஏ.ங்கற கிளப்புல கேக்கறதே 8 இஞ்ச் ஒசரமும் ஒண்ணேகால் இஞ்ச் கனமும்தான். நம்ம ட்ராக்குல ஒட்டுக்கா பத்து வண்டி ஓடறப்ப அது பத்தாது. ரெண்டு இஞ்ச் டேப் 48 மி.மீ. அகலம் வருது, அது எஃப்.ஐ.ஏ. கேக்கற 5 செ.மீ.க்கு ஒரு நூலுதான் கம்மி, அதனால கோடு கோடா வெட்டி கால்குலேட்டர்ல வர்ற எண்ணு மாதிரி ஒட்டிட்டா தாராளமாப் படிக்கலாம். கிரே கலருக்கு மஞ்சக் காகித டேப் எடுபடாது, கறுப்போ பளிச் வெள்ளையோ பாருங்க. கடைல கெடைக்கற மட்டமான மாஸ்கிங் டேப் மத்தியானம் வரைக்கும் வெயில்ல இருந்துச்சுன்னா பசைய வண்டில விட்டுட்டுக் காகிதம் மட்டும் வரும், பெயிண்டருங்க பயன்படுத்தற நீல டேப்பை அடியில போட்டுட்டு அது மேல கலர் டேப்பை ஒட்டினா தப்பிச்சுக்கலாம். ஒயருக்குச் சுத்தற இன்சுலேஷன் டேப் வேண்டாம், இழுத்து ஒட்டுவீங்க, சூட்டுல அது சுருங்கி எண்ணு கோணிக்கும்.

பழைய எஸ்டீம், நாமக்கல்: எங்கூருல லாரிக்கு எழுதற பெயிண்டர் பிரஷ்லயே அச்சு மாதிரி எழுதுவாருங்க. ஸ்டிக்கர் எதுக்கு, அவரையே விட்டு எழுதச் சொல்லி, முடிஞ்சதும் கழுவி விட்டுரலாமா? சுண்ணாம்புல எழுதலாம்னு ஒருத்தர் சொல்றாரு.

பதில்: சுண்ணாம்பு சொன்னவரைக் கொஞ்சம் தள்ளியே வைங்க. சுண்ணாம்பு காரம், பெயிண்டுக்கு மேல இருக்கற கிளியர் கோட்டை அரிச்சுரும், கழுவினாலும் தடம் நிக்கும். ஆயுத பூஜைக்குப் பானெட்ல வெக்கற பொட்டே சில வண்டில கறையா நிக்கறதைப் பாத்திருப்பீங்க.

மத்தபடி உங்க யோசனை எனக்கு நொம்பப் புடிச்சுதுங்க. கம்ப்யூட்டர்ல ஸ்டிக்கர் வெட்டற காலத்துக்கு முன்னால ரேஸ் வண்டிக்கெல்லாம் பிரஷ்லதான் எழுதினாங்க, மெட்ராஸ் பக்கம் சோழவரம் ஏரோட்ரோம் ஓடுபாதைல ரேஸ் நடந்த நாள்ல நம்ம கோயமுத்தூர்க்காரங்க பெட்ரோல் வாசத்தோட இங்கிருந்து போயி ஓட்டிட்டு வருவாங்க. அப்பேர்ப்பட்ட ஆளு கரிவரதன், ஃபார்முலா மாருதிங்கற ஒத்த சீட்டு ரேஸ் வண்டிய உருவாக்கினவரு, 1995ல விமான விபத்துல போயிட்டாரு. இப்ப நீங்க ஓட்டப் போற ட்ராக்குக்கு இருக்கறது அவரு பேருதான். அது முதல்ல சின்ன ரக விமானம் பறக்க விட்டுப் பாக்கற ஓடுபாதையா இருந்துது, 2003ல 2.1 கிலோமீட்டர் ரேஸ் ட்ராக்காத் தொறந்தாங்க. அங்க லாரி பெயிண்டர் கையெழுத்துல ஒரு எஸ்டீம் வந்து நின்னா பேடக்ல (வண்டிய நிறுத்தித் தயார் பண்ற எடம்) பாதிப்பேரு உங்க வண்டியச் சுத்தித்தான் நிப்பாங்க.

எழுதறதுக்கு போஸ்டர் கலர் மாதிரி தண்ணில கரையற பெயிண்டுதான் வேணும், எனாமல் கையில தொடக் கூடாது. முன்னாடியே அந்த எடத்துல மெழுகு பாலிஷ் போட்டு வெச்சா கழுவறது சுலபம், ஆனா மெழுகு மேல தண்ணி பெயிண்ட் திரண்டு நிக்கும், அதுக்கு அவரு ரெண்டு சொட்டு சோப்புத் தண்ணி கலந்துக்குவாரு, அவருக்கே தெரியும். பள்ளிக்கூடத்துல கேன்வாஸ் ஷூவுக்குப் போடற வெள்ளைத் திரவ பாலிஷும் ஆகும், கறுத்த வண்டில நல்லாத் தெரியும், கறுப்பு பிளாஸ்டிக் பட்டைல மட்டும் பட்டுரக் கூடாது, துளைக்குள்ள எறங்கிட்டா வெள்ளை போகவே போகாது. மழை வந்தா எல்லாம் காலி. லாரிக்குப் போடற மாதிரி எழுத்துக்கு நெழலு, பூவு, கொடியெல்லாம் வேண்டாம்னு அவருகிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க, சங்கடப்படுவாரு, இருந்தாலும் சொல்லிருங்க.

இஞ்சினியரிங் காலேஜ் டீம், பெருந்துறை: ஃபார்முலா பாரத்ங்கற காலேஜ் மாணவர் போட்டிக்கு வண்டி கட்டிட்டு இருக்கறோம் அண்ணா. பாடி முழுக்க ஸ்பான்சர் லோகோ, நம்பருக்கு எடமே இல்ல. சின்னதாப் போட்டுக்கலாமா?

பதில்: ஸ்பான்சரைச் சின்னதாப் போடுங்க கண்ணுகளா. மாணவர் ஃபார்முலா வண்டிக்கு முன்னால ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, ஒசரம் 15 செ.மீ. அளவுல, கறுப்புல வெள்ளை இல்லாட்டி வெள்ளைல கறுப்புன்னு விதிப் புத்தகத்துலயே இருக்கும், அந்த வருச புத்தகத்தை எடுத்து மில்லிமீட்டர் வரைக்கும் படிச்சுக்குங்க. ராத்திரி பகலா முழிச்சு சஸ்பென்ஷன் டியூன் பண்ணிட்டு, ஸ்டிக்கருக்காக டெக்னிக்கல் இன்ஸ்பெக்ஷன் வரிசைல திரும்பப் போயி நிக்கற டீம் வருசா வருசம் உண்டு. உங்க பாடி ஃபைபர்தான, பெயிண்ட் போனாலும் அப்பா திட்ட மாட்டாரு, நல்லா நெரந்தரமா நிக்கற ஸ்டிக்கரையே ஒட்டுங்க.

நீல டியாகோ, கரூர்: ஒரு சங்கடமான கேள்விங்க. எனக்கு 8ஆம் நம்பர் குடுத்திருக்கறாங்க. எங்கம்மாவுக்கு நியூமராலஜி நம்பிக்கை ஜாஸ்தி, எட்டு சனியோட எண்ணு, அந்த நம்பரோட ஓட்டவே கூடாதுங்கறாங்க. மாத்திக் கேட்டா சிரிப்பாங்களா?

பதில்: சிரிக்க மாட்டாங்க, வண்டி நம்பருக்கே கூட்டுத்தொகை பாத்து ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காசு கட்டற ஊரு இது. வெள்ளைக்காரனும் இதுல நமக்குக் கொறைஞ்சவன் இல்லீங்க, ஃபார்முலா ஒன்ல நொம்ப வருசமா 13 பக்கமே யாரையும் விடாம வெச்சிருந்தாங்க. 2014ல இருந்து டிரைவருங்களே நம்பரைத் தேர்ந்தெடுத்துக்கலாம்னு ஆனப்பறம் பாஸ்டர் மால்டொனாடோங்கற வெனிசுவேலாக்காரரு நான் எடுத்துக்கறேன்னு 13ஐ எடுத்துட்டாரு. ஜூல்ஸ் பியாங்கிங்கற டிரைவர் எறந்தப்பறம் அவரோட 17ஐ இனி யாருக்கும் கெடையாதுன்னு எடுத்து வெச்சுட்டாங்க, அது ராசிக்காக இல்ல, மரியாதைக்காக. டேமன் ஹில் 1993லயும் 1994லயும் சைபர் நம்பர்ல ஓட்டினாரு, ஏன்னா 1ஆம் நம்பர் முந்தின வருச சாம்பியனுக்குத்தான், ரெண்டு தடவையும் அந்தச் சாம்பியன் ஓட்டலைங்கறதால அதுக்கு ஆள் இல்லாமப் போச்சு. நம்ம நரேன் கார்த்திகேயன் 2005ல ஜோர்டான் டீம்ல ஓட்டினப்ப நம்பர் 19, கூட்டினா 10, மறுபடி கூட்டினா 1, சூரியன், உங்கம்மாவுக்குப் புடிச்சிருக்கும். அந்த வருசம் அமெரிக்க ரேஸ்ல டயர் பிரச்சினைல முக்காவாசி வண்டி விலகி ஆறே வண்டி ஓடினதுல நாலாவதா வந்து பாயிண்ட் வாங்கினாரு, அதை உங்கம்மா எந்தக் கணக்குல சேப்பாங்களோ தெரியல.

மாத்தோணும்னா இன்னைக்கே மெயில் போடுங்க. நிகழ்ச்சி அன்னைக்குக் காலைல போயி கேக்காதீங்க, அதுக்குள்ள உங்க நம்பரு ட்ரான்ஸ்பாண்டரோட சேந்து டைமிங் லிஸ்ட்ல ஏறியிருக்கும், மார்ஷல் எல்லாத்துகிட்டயும் பிரிண்ட் போயிருக்கும். முக்கியமா, அம்மாவச் சமாதானப்படுத்தறதுக்கு நீங்களா 8 பக்கத்துல ஒரு 1 ஒட்டி 18 ஆக்கிக்கற வேலையெல்லாம் வேண்டாம், லிஸ்ட்ல இல்லாத நம்பர் ட்ராக்குல ஓடுச்சுன்னா நிறுத்தித்தான் பாப்பாங்க.

எட்டுக்கு உண்மையாவே ஒரு தோஷம் இருக்குதுங்க, ஆனா அது சனி இல்ல. கோடு தடியா, ஓட்டை சின்னதா இருந்துச்சுன்னா தூரத்துல இருந்து 3, 6, 8 மூணும் ஒண்ணாத் தெரியும். ரெண்டு ஓட்டையும் பெருசா வர்ற மாதிரி வெட்டச் சொல்லுங்க, பரிகாரம் அவ்வளவுதான்.

வெள்ளி வென்டோ, தாராபுரம்: வீட்லயே நம்பர் ஒட்டிட்டு பல்லடம் வழியா ட்ராக்குக்கு ஓட்டிட்டு வரலாமா? போலீஸ் புடிச்சா? அப்பறம் ட்ராக்குல இடிச்சா இன்ஷூரன்ஸ் வருங்களா?

பதில்: கதவுல எண்ணு ஒட்டியிருக்கறதுக்காக மட்டும் யாரும் கேஸ் போட மாட்டாங்க, வண்டி கலரே மாறற மாதிரி முழுசா ராப் பண்றதுதான் ஆர்.சி. வரைக்கும் போற சங்கதி. ரிஜிஸ்ட்ரேஷன் பிளேட்டை மட்டும் ஸ்டைலுக்கு டேப் போட்டு மறைச்சுட்டு ரோட்டுல வந்துராதீங்க, அது தப்பு. இருந்தாலும் என்னையக் கேட்டா பேடக்ல போயி ஒட்டறதே உத்தமம்ங்க. நம்பரோட நெடுஞ்சாலைல போனா போலீஸை விட பின்னால வர்ற பையன்தான் தொந்தரவு, பக்கத்துல வந்து ஆக்ஸிலரேட்டரை உறுமுவான், உங்களுக்கும் கை அரிக்கும். பொது ரோட்டுல போட்டி போட்டா மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவுல ஜெயிலும் உண்டு, அபராதமும் உண்டு.

இன்ஷூரன்ஸ் வராதுங்க. பாலிசிய எடுத்து எந்த உபயோகத்துக்குச் செல்லும்னு எழுதியிருக்கற எடத்தைப் பாருங்க, ஏற்பாடு செஞ்ச ரேஸு, வேக சோதனை, பந்தயம் சார்ந்த ஓட்டம் இதெல்லாம் கழிச்சுத்தான் எழுதியிருக்கும். ட்ராக் டே ரேஸ் இல்லையேன்னு சில பேரு வாதாடறாங்க, கதவுல 28 செ.மீ. எண்ணோட வண்டி சுவத்துல நிக்கற ஃபோட்டோவ வெச்சுட்டு அந்த வாதம் எடுபடும்னு எனக்குத் தோணல. இடிச்சா என்ற காசுன்னு மனசைத் தேத்திக்கிட்டு ஓட்டறதா இருந்தா ஓட்டுங்க.

மெரூன் சிட்டி, மேட்டுப்பாளையம்: ட்ராக் டே முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு, நம்பரை எடுக்க மனசு வராம விட்டுட்டேன். இப்ப எடுத்தா காகிதமாட்டம் கிழிஞ்சு கிழிஞ்சு வருது, பசை அப்படியே நிக்குது. பிளேடு போடட்டுமா, தின்னர் போடட்டுமா?

பதில்: ரெண்டும் வேண்டாம்ங்க. பிளேடு கிளியர் கோட்டைச் சீவிரும், தின்னர் கம்பெனி பெயிண்டையே மங்க வெச்சுரும், டிங்கரிங் கடைல அடிச்ச பெயிண்டா இருந்தா கரைச்சே எடுத்துரும். வீட்ல தலைமுடி காய வெக்கற ட்ரையரை எடுத்துட்டு வந்து ஒரு மூலைல காட்டுங்க, கை வெச்சா இளஞ்சூடு பொறுக்கோணும், அதுக்கு மேல வேண்டாம். நகத்துல மூலைய நெம்பி, ஸ்டிக்கரை அது மேலயே மடிச்ச மாதிரி தாழ்வா வெச்சு மெதுவா இழுங்க, வெசையா இழுத்தா பசை தங்கிரும். இழுக்கையில பெயிண்டும் செதிலாக் கெளம்புச்சுன்னா அப்படியே நிறுத்திட்டு பெயிண்டரைக் கூப்புடுங்க, அந்தக் கதவு ஏற்கெனவே யாரோ அடிச்சது.

நிக்கற பசைக்கு உங்கூருக்கு மேல மலைல இருந்து வர்ற நீலகிரித் தைலமே போதும்ங்க. துணில நனைச்சு பசை மேல கொஞ்ச நேரம் போட்டு வெச்சா ஊறிக் கொழகொழன்னு வந்துரும், விரல்லயே உருட்டி எடுத்துரலாம். கதவுக்கு உள்பக்க ஓரத்துல ஒரு சொட்டு விட்டு கலர் ஏதாச்சும் துணில ஏறுதான்னு முதல்ல பாத்துக்குங்க. தைலம் இல்லைன்னா மண்ணெண்ணெய், ரெண்டுக்கும் அப்பறம் ஷாம்பு போட்டுக் கழுவி விட்டுரோணும். ஸ்டிக்கர் இருந்த எடம் மட்டும் பளிச்சுன்னு கட்டமாத் தெரியும், அது கறை இல்ல, சுத்தி இருக்கற மெரூன்தான் ஆறு மாச வெயில்ல வெளுத்திருக்குது. பாலிஷ் போட்டா சுத்தியிருக்கறது பளபளப்பாகி ஓரளவு சமமாகும், சட்டுன்னு ஆகலைன்னா போட்டுத் தேய் தேய்னு தேய்க்காதீங்க, கிளியர் கோட் அவ்வளவு கனம் கெடையாது. அடுத்த தடவை ட்ராக்குல இருந்து கெளம்பறதுக்கு முன்னாலயே, கதவுல இன்னும் சூடு இருக்கறப்பவே உரிச்சுட்டு வந்துருங்க.